கவிழ்ந்தாலும் சிந்தாத கலம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். "விடுமுறை முழுவதும் ஆளையே காணோமே, எங்கே போயிருந்தாய்?" என்று நண்பர்கள் கேட்டனர். "ஒரு வண்டிக்கு ஃபியூயல் செல் பொருத்திக்கொண்டிருந்தேன்" என்றேன். வேதியியல் பயிலும் அன்பர் ஒருவர் வியப்புடன், "ஹைட்ரஜனா? எவ்வளவு மின்சாரம் வருகிறது?" என்று கேட்டுவிட்டார்.

அவர்மீது குற்றமில்லை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கூட்டி மின்சாரம் தரும் கருவிக்கும் அதுவே பெயர். நான் கூறியது வேறொன்று. பந்தயக் கார்களிலும், பாதையற்ற மேடுபள்ளங்களில் ஓடும் வண்டிகளிலும் பெட்ரோலை அடைத்துவைக்கும் காப்புத் தொட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் வழங்குகின்றது. தமிழில் 'கலம்' என்றால் பாத்திரம் என்றும் பொருள் உண்டல்லவா? ஆகவே இதனை எரிபொருட்கலம் என்றும், சுருக்கமாகக் கலம் என்றும் குறிப்பிடுகின்றேன். அது யாது, அதை எவ்வாறு பொருத்துவது, பொருத்துகையில் நான் செய்த பிழை என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வேலையில் நான் இறங்கிய காரணம்

என் தந்தையார் வேலை மாற்றலாகி நாங்கள் திருநெல்வேலியிலிருந்து சண்டிகருக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி நண்பனின் அண்ணனை அன்று முதல் 'பாஜி' என்றே அழைத்து வருகின்றேன். பாஜியிடம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய வண்டியொன்று உண்டு. விடுமுறை நாட்களில் சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள வறண்ட ஆற்றுப் படுகைகளில் அதனை ஓட்டுவது அவருக்குப் பெருவிருப்பம்.

சென்ற நவம்பரில் ஒரு நாள் நானும் உடன் சென்றேன். கரையொன்றில் ஏறும்போது மணல் சரிந்து, வண்டி மெதுவாக இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. இடப்பக்கம் அமர்ந்திருந்த நான் கீழே. பாஜி வார்ப்பட்டியில் எனக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தார். சிரிக்கத் தொடங்கினோம். அப்போதுதான் மணம் வந்தது. டாங்கியின் காற்றுக் குழாய் பழமையால் வெடித்திருந்தது. அதன் வழியே பெட்ரோல் சொட்டிச் சொட்டி, என் தோளருகே இருந்த மணலை நனைத்துக்கொண்டிருந்தது. ஒரு முழத் தொலைவில் சுடச்சுட சைலன்சர் குழாய். பாஜியின் உடல் எடை முழுவதும் பட்டியில் தொங்கியதால் கொக்கி விடுபடவில்லை. பின்னால் வந்த நண்பர்கள் ஓடிவந்து எங்களை இழுத்தெடுக்க இரண்டு நிமிடங்கள் ஆயின. தீப்பற்றவில்லை, அது எங்கள் திறமையால் அன்று.

அவ்வாரமே பாஜி எரிபொருட்கலம் ஒன்றுக்குச் சொல்லியனுப்பினார். அது வந்ததும், கூடவிருந்த குறிப்பேட்டை என் கையில் கொடுத்து, "விஞ்ஞானம் படிக்கிறாயே, இதைப் படித்துச் சொல், வேலையை உஸ்தாத்ஜி பார்த்துக்கொள்வார்" என்றார். உஸ்தாத்ஜி என்பவர் நாற்பது ஆண்டுகளாக மோட்டார்ப் பட்டறை நடத்திவரும் முதியவர்.

பெட்ரோலின் இயல்பு

முதலில் நாம் அடைத்துவைக்கும் பொருளை அறிய வேண்டும். 40 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ளது. அது முழுதும் எரிந்தால் வெளிப்படும் வெப்பம், நம் வீடுகளில் உள்ள 14.2 கிலோ சமையல் கேஸ் சிலிண்டர்கள் இரண்டின் வெப்பத்துக்குச் சமம். அத்தனையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பயணம் செய்கின்றோம்.

ஆனால் எரிவது திரவம் அன்று, அதன் ஆவியே. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலெழுந்து கலைந்து போகாமல் வண்டியின் தரையில் குளம்போல் தேங்கும். காற்றில் ஆவியின் பங்கு ஏறத்தாழ 1.4 விழுக்காட்டுக்கும் 7.6 விழுக்காட்டுக்கும் இடையே இருந்தால்தான் அது தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் மிகுந்தாலும் பற்றாது.

இதிலிருந்து ஒரு வியப்பான உண்மை பெறப்படுகின்றது. நிறைந்த டாங்கியின் உள்ளே ஆவி மிகுதியாக இருப்பதால் அங்கே தீப்பற்றுவது அரிது. பெட்ரோலை வடித்துவிட்டுத் திறந்து வைத்த 'காலி' டாங்கியே அஞ்சத்தக்கது. உள்ளே காற்றுப் புகப் புக, ஆவியின் பங்கு எரியத்தக்க எல்லைக்குள் இறங்கிவிடும். கழற்றிய பழைய டாங்கியில் நான் தாங்கி ஒன்றை வெல்டிங் செய்து பார்க்கலாமா என்று கேட்டபோது, உஸ்தாத்ஜி என்னைப் பட்டறைக்கு வெளியே அனுப்பிவிட்டார். அவர் கணக்குப் போட்டதில்லை, கண்டிருக்கிறார்.

கலத்தின் மூன்று உறுப்புகள்

கலம் என்பது தடித்த இரும்பு டாங்கி என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. தடித்த இரும்பும் அடிபட்டால் தையல் விட்டுப் பிளக்கும். கலத்தில் ஒன்றனுள் ஒன்றாக மூன்று உறுப்புகள் உள்ளன.

வெளியே இருப்பது இரும்பு அல்லது அலுமினியத் தகட்டுப் பெட்டி. கல்லும் கூர்மையும் படாமல் காப்பது அதன் வேலை. அதனுள்ளே இருப்பது பை. உறுதியான நெசவுத் துணியின்மேல் பெட்ரோலில் கரையாத ரப்பர் போன்ற பொருளைப் பூசி இதனைச் செய்கின்றனர். பெட்டி நசுங்கும்போது பையும் அதனோடு வளைந்து கொடுக்கும், கிழியாது. பைக்குள்ளே இருப்பது நுரைப்பஞ்சு. இது முழுதும் திறந்த துளைகளையுடைய பாலியூரித்தேன் பஞ்சு. பையை முழுவதும் அடைத்துக்கொண்டிருப்பது போல் தோன்றினாலும், அதன் கனஅளவில் பெரும்பகுதி வெற்றிடமே. 40 லிட்டர்க் கலத்தில் பஞ்சினால் நாம் இழப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான்.

பஞ்சு எதற்கு என்ற ஐயம் எழலாம். பயன் இரண்டு. பாதி நிறைந்த டாங்கியில் 15 கிலோ பெட்ரோல் அங்குமிங்கும் ஓடி மோதும். மேட்டில் வண்டி சாயும்போது எடை முழுவதும் தாழ்ந்த பக்கம் திரண்டு, வண்டியை இன்னும் சாய்க்கும். பஞ்சு அந்த ஓட்டத்தைத் தடுக்கின்றது. இரண்டாவது பயன் இன்னும் பெரிது. 1815ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செய்து கொடுத்த காப்பு விளக்கைப் பள்ளியில் படித்திருக்கின்றோம். சுடரைச் சுற்றியுள்ள மெல்லிய கம்பி வலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், சுடர் வலையைக் கடந்து வெளியிலுள்ள வாயுவைப் பற்றாது. பஞ்சின் நுண்துளைகளும் ஏறக்குறைய அவ்வாறே தொழிற்படுகின்றன. உள்ளே ஒரு பொறி விழுந்தாலும், தீ துளைக்குத் துளை வெப்பத்தை இழந்து, வெடிப்பாக வளரும் முன்னரே அடங்கிவிடும்.

இந்த அறிவு எளிதில் வந்ததன்று. இரண்டாம் உலகப் போரில் குண்டு துளைத்த விமானங்களின் பெட்ரோல் ஒழுகாதிருக்க ரப்பர் உறையிட்ட டாங்கிகளைப் பயன்படுத்தினர். பந்தயக் களம் விழித்துக்கொண்டது பின்னரே. 1964 மே 24 அன்று அமெரிக்காவின் சார்லட் நகர் ஓட்டத்தில் ஃபயர்பால் ராபர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓட்டுநரின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. அவர் ஜூலை 2 அன்று மாண்டார். அவர் மருத்துவமனையில் கிடந்தபோதே, மே 30 அன்று, இண்டியானாபொலிஸ் 500 ஓட்டத்தில் பெட்ரோல் பெருந்தீயாய் எழுந்த மோதலில் எடி சாக்ஸ், டேவ் மெக்டொனால்ட் இருவரும் உயிரிழந்தனர். அவ்வாண்டுக்குப் பின்னரே பையுடன் கூடிய கலங்கள் பந்தயங்களில் விரைந்து பரவின. இன்று உலக மோட்டார்ப் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. 'எஃப்.டி.3-1999' போன்ற தரவிதிகளை வகுத்துள்ளது. கலம் வாங்குவோர் அம்முத்திரையையும், செய்த தேதியையும் முதலில் பார்க்க வேண்டும்.

சட்டம் ஒன்று

வேலையைத் தொடங்குமுன் சட்டத்தையும் பார்த்தோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது என்கின்றது. ஆகவே நாள்தோறும் சாலையில் ஓட்டும் வண்டியில் டாங்கியை மாற்றும் எண்ணம் வேண்டா. பாஜி தம் வண்டியைச் சாலையில் ஓட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டார். இப்போது அது லாரியில் ஏறியே களத்துக்குச் செல்கின்றது.

பொருத்தும் முறை

முதல் வேலை இடம் தேர்தல். பழைய டாங்கி வண்டியின் அடியில், கல்லில் உரசும் இடத்தில் இருந்தது. கலத்தை இருக்கைகளுக்குப் பின்னே, பின் அச்சுக்கு நேர்மேலே, இரண்டு சட்ட இரும்புகளுக்கு நடுவே வைத்தோம். பக்கவாட்டிலும் பின்னாலும் அடிபட்டாலும் கலத்தை எட்ட இடைவெளி இருக்க வேண்டும்.

இரண்டாவது, தாங்கும் சட்டம். கலமும் பெட்ரோலும் சேர்ந்து 40 கிலோ எனக் கொள்வோம். மோதலில் வண்டி புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு முடுக்கத்துடன் நின்றால், கலம் 800 கிலோ விசையுடன் முன்னால் பாயப் பார்க்கும். தகரத் தரையில் நான்கு போல்ட் போட்டால் அது தாங்குமா? ஆகவே இரும்புக் கோணச் சட்டம் செய்து, அதனை வண்டியின் அடிச்சட்டத்துடன் பற்றவைத்தோம். கலத்தின் மேலே குறுக்கும் நெடுக்குமாக எஃகுப் பட்டைகள் போட்டு இறுக்கினோம். பெட்டிக்கும் பட்டைக்கும் இடையே ரப்பர் பட்டை வைத்தோம். இல்லையேல் அதிர்வினால் தகடு தேயும். வெல்டிங் எல்லாம் முடிந்து, இரும்பு ஆறிய மறுநாள்தான் கலத்தைப் பட்டறைக்குள் கொண்டுவர உஸ்தாத்ஜி அனுமதித்தார்.

மூன்றாவது, தீத்தடுப்புச் சுவர். கலம் இருக்கும் அறைக்கும் மனிதர் இருக்கும் அறைக்கும் இடையே தகட்டுச் சுவர் எழுப்பி, குழாய் நுழையும் ஒவ்வொரு துளையையும் அடைத்தோம். ஆவி தரையில் தேங்கும் என்று முன்னர்க் கூறினேன். அது தேங்குமிடம் நம் கால்மாட்டாக இருத்தலாகாது. அறையின் அடித்தட்டில், சிந்தியது வெளியேறத் துளைகளும் விட்டோம். மனிதர் அறைக்குள் பெட்ரோல் குழாயில் இணைப்பு எதுவும் வாராமல் பார்த்துக்கொண்டோம்.

நான்காவது, மூடித்தகட்டைப் பொருத்துதல். பையின் வாயையும் மூடித்தகட்டையும் சுற்றிலும் பல போல்ட்டுகள் இணைக்கின்றன. இவற்றை வரிசையாக இறுக்கினால் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். எதிரெதிராக, மூன்று சுற்றுகளில், குறிப்பேட்டில் கண்ட அளவுக்கே இறுக்க வேண்டும். கை வலிமையைக் காட்டும் இடம் இதுவன்று.

ஐந்தாவது, மின்சாரம். பெட்ரோல் ஊற்றும்போது நிலைமின் ஏற்றம் உண்டாகும். மூடித்தகடு, ஊற்றுவாய், பெட்டி, வண்டிச் சட்டம் நான்கையும் செம்புக் கம்பியால் இணைத்தோம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஊற்றுவாய்க்கும் சட்டத்துக்கும் இடையே தடை ஓர் ஓமுக்கும் குறைவு. அடுத்து பெட்ரோல் பம்பு. "வண்டி கவிழ்ந்த அன்று சாவியை யார் அணைத்தது?" என்று உஸ்தாத்ஜி கேட்டார். எங்கள் இருவருக்கும் நினைவில்லை. ஆகவே மோதினால் தானே பம்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்றையும், வெளியே நிற்பவர் கைக்கு எட்டும்படி மற்றொரு சுவிட்சையும் வைத்தோம்.

என் பிழை

எஞ்சியிருந்தது காற்றுவழி. பெட்ரோல் குறையக் குறையக் கலத்துள் காற்றுப் புக வேண்டும். இல்லையேல் பை சுருங்கிப் பம்பு திணறும். அவ்வாறு காற்றுப் புகும் வழியே, வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியேறும் வழியும் ஆகும். இதற்காக மூடித்தகட்டின் அருகே ஒரு வால்வு வைக்கின்றனர். அதனுள் ஒரு குண்டு உண்டு. வண்டி நேராக நிற்கும்போது குண்டு அடியில் கிடக்கும், வழி திறந்திருக்கும். வண்டி கவிழ்ந்தால் குண்டு உருண்டு வாயை அடைத்துக்கொள்ளும்.

அவ்வேலையை உஸ்தாத்ஜி என்னிடம் விட்டிருந்தார். கலத்துக்கு மேலே போட வேண்டிய மூடுதகட்டுக்கும் கலத்துக்கும் இடையே இடம் போதவில்லை. வால்வை நிமிர்த்தி வைத்தால் தகட்டில் இடித்தது. ஆகவே ஒரு வளைவுக் குழாய் போட்டு, வால்வைப் படுக்கையாக வைத்து, அழகாகக் கிளாம்ப்பும் போட்டுவிட்டேன். பார்ப்பதற்குத் துப்புரவாக இருந்தது. பாஜியும் பாராட்டினார்.

மாலையில் உஸ்தாத்ஜி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வால்வைக் கழற்றி, கழற்றிய நிலையிலேயே என் கையில் கொடுத்து, "ஊது" என்றார். ஊதினேன், காற்று அரைகுறையாகப் போயிற்று. "வண்டி அன்று எந்தப் பக்கம் விழுந்தது? அந்தப் பக்கம் சாய்த்து ஊது" என்றார். இடப்பக்கமாகச் சாய்த்தேன். வால்வு நிமிர்ந்து நின்றது. குண்டு அடியில் போய் உட்கார்ந்தது. காற்று தாராளமாகப் போயிற்று.

எனக்கு வியர்த்துவிட்டது. வண்டி நேராக நிற்கும்போது அரைகுறையாக அடைபட்டும், இடப்பக்கம் கவிழும்போது முழுதும் திறந்தும் இருக்குமாறு நான் அதனை அமைத்திருந்தேன். அன்று என் தோளருகே சொட்டிய பெட்ரோல், புதிய கலத்திலிருந்தும் அதே இடத்தில், முன்னிலும் வேகமாக வந்திருக்கும்.

உஸ்தாத்ஜி கடிந்துகொள்ளவில்லை. "பேட்டா, இந்தக் குண்டுக்கு வண்டி தெரியாது, நீ போட்ட கிளாம்ப்பு தெரியாது. பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்" என்றார். நிலைமின்னையும் தீயின் எல்லையையும் கணக்கிட்ட எனக்கு, முதல் வகுப்பில் கற்ற புவியீர்ப்பு நினைவில் இல்லை!

மறுநாள் மூடுதகட்டைப் பிரித்து நான்கு அங்குலம் உயர்த்தினோம். வால்வு செங்குத்தாக நின்றது. காற்றுக் குழாயைக் கலத்தின் உச்சிக்கு மேலே கொண்டுபோய், சுற்றி வளைத்து, எதிர்ப்பக்கத்தில் கீழே இறக்கி, சைலன்சருக்கு எட்டாத இடத்தில் வண்டிக்கு வெளியே முடித்தோம். இவ்வாறு சுற்றினால், எப்பக்கம் கவிழ்ந்தாலும் குழாயின் ஒரு பகுதி பெட்ரோல் மட்டத்துக்கு மேலே நிற்கும். குண்டு தவறினாலும் குழாய் காக்கும்.

சோதனையும் பராமரிப்பும்

பிறகு வழிகளையெல்லாம் அடைத்து, வாயால் ஊதும் அளவுக்கு மட்டும் காற்றழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினோம். ஓரிடத்தில் குமிழி வந்தது. கழற்றி மீண்டும் பொருத்தினோம். பின்னர் வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளிச் சென்று, ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, ஓர் இரவு விட்டுவைத்தோம். காலையில் ஒவ்வொரு பக்கமாக ஜாக்கியால் தூக்கிச் சாய்த்தோம். அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு துளியும் இல்லை. அதன் பின்னரே எஞ்சினை முடுக்கினோம்.

கலம் என்றென்றைக்கும் உழைப்பதன்று. எஃப்.ஐ.ஏ. விதிப்படி பையின் ஆயுள் செய்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். தயாரிப்பாளரே சோதித்துச் சான்று தந்தால் மேலும் இரண்டு ஆண்டுகள். பஞ்சும் நாளடைவில் மட்கித் துகளாகி வடிகட்டியை அடைக்கும். ஆண்டுக்கொரு முறை மூடியைத் திறந்து, பஞ்சைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். 2025இல் நம் நாடு பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. ஆகவே பையும் பஞ்சும் குழாய்களும் எத்தனாலைத் தாங்குவனவா என்று வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும். தீயணைப்பான் ஒன்றும் ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் கலம் பொருத்தப்போவதில்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் வாயுக் குழாயையும், விடுதி அறையில் மின் அடுப்பையும் நாம் நாள்தோறும் இணைத்துக்கொண்டுதான் இருக்கின்றோம். விலை கொடுத்து வாங்கிய காப்புக் கருவி, வாங்கியதாலேயே நம்மைக் காப்பதில்லை. அது எந்த விதியை நம்பி வேலை செய்கின்றதோ, அந்த விதிக்கு இடம்விட்டு அதனைப் பொருத்த வேண்டும். பொருத்தியதும் சாய்த்தும் பார்க்க வேண்டும். இதனை எனக்குக் கற்பித்தவர் பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு பெரியவர். அவர் கழற்றிக் கொடுத்த வளைவுக் குழாய் இன்றும் என் மேசைமேல் இருக்கின்றது.